ஆள் எடுத்தா மட்டும் போதுமா? எல்லாரும் நிலைச்சு நிக்கிற கம்பெனியை உருவாக்குறது எப்படி

திருப்பூர்ல பனியன் கம்பெனிங்கள்ல 18 வருஷமா இருக்கேன், செக்கிங்ல (தச்ச துணியில குறை இருக்கான்னு பாக்குற வேலை) ஆரம்பிச்சு, ஒரு வரிசை தையல் மெஷினைப் பாத்துக்கிற லைன் சூப்பர்வைசர் ஆகி இப்ப ஃப்ளோர் மேனேஜர். போன மாசம் தெரிஞ்ச ஒரு யூனிட் ஓனர் கூப்பிட்டு, "நாங்களும் மாற்றுத்திறனாளிங்களை எடுத்தோம், ஒடிசா பசங்களை எடுத்தோம், புருஷன் இல்லாத பொம்பளைங்களுக்கு வேலை குடுத்தோம், யாருமே ஆறு மாசம் தாண்டலீங்க, எங்க தப்பு பண்றோம்"னு கேட்டார். நல்ல மனசுள்ள மனுஷன், நிஜமாவே வருத்தப்பட்டுக் கேட்டார். அவருக்குப் போன்ல சொன்னதை ஒழுங்குபடுத்தி இங்க எழுதுறேன், பனியன் கம்பெனிக்கு மட்டும் இல்ல, பத்து இருபது பேர் வேலை பாக்குற எந்த இடத்துக்கும் இது பொருந்தும்.

என் அனுபவத்துல ஆள் எடுக்குறது ஆபீஸ் வேலை, ஆனா அந்த ஆள் நிக்கிறதும் போறதும் சூப்பர்வைசர் கையில இருக்கு, சூப்பர்வைசர் எப்படி நடந்துக்குவார்ங்கிறது மேனேஜ்மெண்ட் எதைக் கேள்வி கேக்குது, எதைப் பாத்தும் பாக்காம விடுதுங்கிறதுல இருக்கு. கம்பெனி கல்ச்சர்னு சொல்றாங்களே, அது சுவத்துல ஒட்டியிருக்கிற பாலிசி இல்ல, மேனேஜர் ஃப்ளோர்ல இல்லாத நேரத்துல சூப்பர்வைசர் பேசுற பேச்சு.

மொதல்ல ஒரு வாரம் கண்ணை மட்டும் திறந்து வைங்க

எதையும் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கிட்டு ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்துலயும் டீ நேரத்துலயும் நடங்க. யார் யாரோட உக்காந்து சாப்பிடுறாங்க, யார் எப்பவும் தனியா, யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க, யாரை "ஏய்"னு கூப்பிடுறாங்க, யாரை "ஹிந்திக்காரா"னு கூப்பிடுறாங்க, இதை மட்டும் எழுதுங்க. அப்புறம் ஆபீஸ்ல போய் கடைசி மூணு வருஷத்துல சூப்பர்வைசரா ஏத்துனவங்க லிஸ்டை எடுத்துப் பாருங்க. தையல்ல பாதிக்கு மேல பொம்பளைங்க இருக்கிற ஃப்ளோர்ல சூப்பர்வைசர் எல்லாரும் ஆம்பளைங்களா இருந்தா, எல்லாரும் ஒரே ஊர்ப்பக்கமோ ஒரே சொந்தபந்தமோவா இருந்தா, அதை ஒரு தாள்ல எழுதி டேபிள் மேல வைங்க. யாரையும் குத்தம் சொல்றதுக்காக இல்ல, நம்ம கண்ணுக்குத் தெரியாமப் போனதைத் தெரிய வைக்க.

நான் அப்படி நடந்தப்பதான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. பாத்ரூம் கழுவுற அம்மா ஒருத்தங்க, ரொம்ப வருஷமா அங்க இருக்காங்க, டீ நேரத்துல ஜெனரேட்டர் ரூம் பக்கத்துல படியில உக்காந்து வீட்டுல இருந்து கொண்டு வந்த டம்ளர்ல டீ வாங்கிக் குடிக்கிறாங்க. மத்த எல்லாருக்கும் கம்பெனி டம்ளர். யாராவது அப்படிச் சொன்னாங்களான்னு விசாரிச்சேன், யாரும் சொல்லலையாம், "அது எப்பவும் அப்படித்தாங்க சார்"ங்கிறதுதான் எல்லார்கிட்ட இருந்தும் வந்த பதில். இரட்டை டம்ளர் டீக்கடையில மட்டும்தான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், நான் சம்பளம் வாங்குற கட்டடத்துலயே இருந்திருக்கு, அத்தனை வருஷம் நான் பாக்கல.

என்ன செஞ்சேன்னா, மொதல் நாள் அவங்க பக்கத்துல போய் உக்காந்தேன், அவங்க சட்டுனு எழுந்து நின்னுட்டாங்க. அது தப்பான வழின்னு அப்பவே புரிஞ்சுது, அத்தனை பேர் பாக்க அவங்களைக் கூச்சப்பட வச்சுட்டேன். அப்புறம் யோசிச்சு, யாருக்கும் எந்த அறிவிப்பும் குடுக்காம, டீ கேனை கேன்டீன்ல இருந்து எடுத்துட்டு லைனுக்கு லைன் வண்டியில கொண்டு போற மாதிரி மாத்துனோம், எல்லாருக்கும் ஒரே பேப்பர் கப், கிளீனிங் ஆளுங்களுக்கும் ஹெல்பருங்க போடுற அதே கலர் கோட், கழுத்துல அதே ஐடி கார்டு, பேரோட. கிளீனிங்கை கான்ட்ராக்ட்ல இருந்து எடுத்து கம்பெனி மஸ்டர்ல, அதாவது நேரடி ஆளுங்க பேர் இருக்கிற பதிவேட்டுல சேத்தோம். மூணு மாசம் ஆச்சு அந்தம்மா செக்கிங் டேபிள் பெஞ்ச்ல வந்து உக்கார. ஜாதியைப் பத்தி மீட்டிங் போட்டுப் பேசுறது சுலபம்ங்க, டம்ளரையும் பெஞ்சையும் மஸ்டரையும் மாத்துறதுதான் கஷ்டம், ஆனா அதுலதான் மாத்தம் வரும்.

சூப்பர்வைசரோட டார்கெட்டைத் தொடாம எதுவும் நடக்காது

பெரும்பாலான கம்பெனிங்க கோட்டை விடுறது இங்கதான். ஒரு லைனுக்கு மணிக்கு இத்தனை பீஸ்னு டார்கெட் இருக்கு, சூப்பர்வைசருக்கு அதை வச்சுத்தான் இன்சென்டிவ், அதை வச்சுத்தான் திட்டு. அவர் லைன்ல புதுசா கத்துக்கிற ஆளைக் கொண்டு போய் உக்கார வச்சா, அந்த ஆளால லைன் எஃபிஷியன்சி இறங்கும், திட்டு அவருக்கு விழும். அப்ப அவர் என்ன பண்ணுவார்? அந்த ஆளைச் சிடுசிடுப்பார், கஷ்டமான ஆபரேஷனா குடுப்பார், ரெண்டு வாரத்துல "இந்த ஆள் ஆகாது சார்"னு ரிப்போர்ட் குடுப்பார். அவர் கெட்டவர்னு அர்த்தம் இல்ல, நாம குடுத்த கணக்கு அப்படி.

அதனால புதுசா வர்ற ஆளை, அவங்க யாரா இருந்தாலும், மொதல் ஆறுல இருந்து எட்டு வாரம் லைன் கணக்குல சேக்காதீங்க. அவங்க தைக்கிற பீஸ் லைனுக்கு வரவு, அவங்க நேரம் ட்ரெயினிங் செலவு, அப்படிப் பிரிச்சுருங்க. அதோட சூப்பர்வைசர் இன்சென்டிவ்ல ஒரு பகுதியை, அவர்கிட்ட வந்த புது ஆள் ஆறு மாசம் கழிச்சும் இருக்காங்களாங்கிறதுக்கு வைங்க. இதைச் செஞ்ச மொத மாசத்துலயே பேச்சு மாறுறதை நான் கேட்டேன், "இவளுக்கு ஓவர்லாக் மெஷின் வேண்டாம் சார், கை நடுங்குது, பிளாட்லாக் மெஷின்ல போட்டா பிடிச்சுக்குவா"ன்னு ஒரு சூப்பர்வைசர் தானா வந்து சொன்னார். அவருக்கு ஆளைப் பாக்குற கண்ணு எப்பவும் இருந்துச்சு, அதுக்கு ஒரு மதிப்பு குடுத்ததும் வெளிய வந்துச்சு.

இன்னொண்ணு, சூப்பர்வைசருங்களைத் திட்டியே வேலை வாங்கிட்டு, அவங்க கீழ இருக்கிறவங்ககிட்ட மரியாதையா பேசணும்னு எதிர்பாக்காதீங்க. காலையில மீட்டிங்ல ஓனர் எப்படிப் பேசுறாரோ அதே வார்த்தை மத்தியானத்துக்குள்ள கடைசி ஹெல்பர் வரைக்கும் போயிரும்.

ஆளை மாத்தாதீங்க, வேலையை மாத்துங்க

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்ச டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. வாலிப வயசுலயே முடக்குவாதம் வந்து விரலெல்லாம் கோணிப்போச்சு அவருக்கு. அந்தக் கைக்குத் தகுந்த மாதிரி கருவிங்களை அமைச்சுக்கிட்டு, கத்தியைப் பிடிக்கப் புதுசாப் பழகி, கண் ஆபரேஷன் பண்ணுனார். விரலை நேராக்கிட்டு வான்னு யாராவது அவர்கிட்ட சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிங்க. அந்த ஆஸ்பத்திரியில பெரும்பாலான வேலையைத் தூக்கி நிறுத்துறது கிராமத்துல இருந்து வந்து அங்கயே ட்ரெயினிங் எடுத்த பொண்ணுங்கதான்.

இதை ஏன் சொல்றேன்னா, எனக்கு இது ஒரு விபத்துல புரிஞ்ச பாடம். நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனியில காது கேளாத ஒரு பொண்ணை பிளாட்லாக் டைலரா எடுத்தோம், நல்ல கை, தையல் நூல் பிடிச்ச மாதிரி நேரா போகும். ரெண்டாவது வாரம் சூப்பர்வைசர் பண்டில் (தைக்க வேண்டிய துணிக்கட்டு) மாறிப் போச்சுன்னு சொல்றதுக்காக பின்னாடி இருந்து தோள்ல தட்டிட்டார். மெஷின் ஓடிக்கிட்டு இருக்கு, ஊசிகிட்ட விரல் போகாம தடுக்குற நீடில் கார்டை மேல தூக்கி விட்டிருக்கு, அந்தப் பொண்ணு தூக்கிவாரிப் போட்டு கை முன்னாடி போயிருச்சு, ஊசி ஆள்காட்டி விரல் நகத்துல இறங்கி உடைஞ்சுது. நான் ஓடிப் போறப்ப அந்தப் பொண்ணு விரலைப் பிடிச்சுக்கிட்டு சத்தமே இல்லாம அழுதுக்கிட்டு இருக்கு, சூப்பர்வைசர் குனிஞ்சு மெஷினுக்கு அடியில உடைஞ்ச ஊசி முனையைத் தேடிக்கிட்டு இருக்கார். ஏன்னா உடைஞ்ச ஊசியோட எல்லாத் துண்டையும் ரெஜிஸ்டர்ல ஒட்டலைன்னா ஆடிட்ல மாட்டுவோம், அதை அவருக்கு நாங்கதான் நூறு தடவை சொல்லிக் குடுத்திருந்தோம். விரலைப் பத்தி ஒரு தடவை கூட சொல்லிக் குடுக்கல.

அதுக்கப்புறம் செஞ்சதை அப்படியே சொல்றேன், நீங்க விபத்துக்கு முன்னாடியே செஞ்சிருங்க. ஒவ்வொரு காது கேளாதவங்க மெஷின்லயும் கண்ணு மட்டத்துல ஒரு சின்ன பல்பு, அதோட சுவிட்ச் நடைபாதை ஓரத்துல. கூப்பிடணும்னா சுவிட்சைப் போடணும், அவங்க பெடல்ல இருந்து காலை எடுத்துட்டுத் திரும்புன பிறகுதான் பேசணும், பின்னாடி இருந்து யாரும் தொடக்கூடாது, ஓனரா இருந்தாலும். ஃபயர் அலாரத்துக்கு மினுக்குற லைட் வேணும், ஃப்ளோர்ல மட்டும் போட்டா பத்தாது, பாத்ரூமுக்குள்ளயும் கேன்டீன்லயும் வேணும், அதை எல்லாரும் மறந்துருவாங்க.

ஒருத்தரை மட்டும் எடுக்காதீங்க. 80 பேர் நடுவுல பேச்சுத்துணை இல்லாம எட்டு மணி நேரம் யாரால இருக்க முடியும்? ரெண்டு மூணு பேரா எடுங்க, ஒரே லைன்ல போடுங்க. எழுதிக் காட்டிட்டா போதும்னும் நெனைக்காதீங்க, நெறைய பேருக்குப் பள்ளிக்கூடத்துல சரியான சைகை மொழியில சொல்லிக் குடுக்காததால தமிழ் படிக்கிறதே சிரமமா இருக்கும், அது அறிவுக்குறைவு இல்ல. அதுக்குப் பதிலா மத்தவங்க சைகை கத்துக்கணும். சாப்பாடு முடிஞ்சு பத்து நிமிஷம், அந்தப் பொண்ணையே டீச்சரா வச்சு, நூல், ஊசி, சைஸ், நிறுத்து, வலிக்குது, லீவு, சம்பளம், இப்படி ஒரு நாப்பது சைகை, ஒரு மாசத்துல லைன் முழுக்கப் பழகிருச்சு. அந்தப் பத்து நிமிஷத்தைச் சம்பள நேரத்துல சேத்தோம். வீடியோ வேணும்னா டெல்லியில இருக்கிற இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையத்தோட அகராதியில 10,000 சொல்லுக்கு மேல இருக்கு, இலவசம். லெமன் ட்ரீ ஹோட்டல்காரங்க 2007ல இருந்தே காது கேளாதவங்களை வேலைக்கு எடுக்கிறாங்க, அங்கயும் கூட வேலை பாக்குறவங்க சைகை கத்துக்கிறாங்க. ஹோட்டல்ல நடக்குறது நம்ம ஃப்ளோர்ல நடக்காதா என்ன.

ஆள் எங்க கிடைப்பாங்கன்னா, ஒவ்வொரு மாவட்டத்துலயும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல கேட்டா சொல்லுவாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 20 பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற தனியார் கம்பெனியும் சமவாய்ப்புக் கொள்கை எழுதி வெளிய வைக்கணும், இதுக்குன்னு ஒரு பொறுப்பாளரைப் போடணும். அந்தக் கொள்கையை நெட்ல இருந்து காப்பி அடிக்காதீங்க, எந்த மெஷின்ல யாரால உக்கார முடியும், என்ன மாத்தணும்னு நீங்களே ஃப்ளோர்ல நடந்து எழுதுங்க, ரெண்டு பக்கம் வந்தாலும் போதும்.

பொம்பளைங்க சொல்லாம விடுறது

சட்டத்துல எல்லாம் இருக்கு, ஃப்ளோர்ல அது வேற மாதிரி ஆயிருது. 2021ல தமிழ்நாட்டுல கடைகள் சட்டத்தைத் திருத்தி, நின்னுக்கிட்டே வேலை பாக்குறவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு கொண்டு வந்தாங்க, ரொம்ப நல்ல சட்டம். அப்புறம் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனப்ப ஸ்டூல் இருந்துச்சு, யாரும் உக்காரல. "உக்காருங்கம்மா, கூட்டம் இல்லையே"ன்னு சொன்னேன். "சார் பாத்தா ஏதும் சொல்ல மாட்டாருங்க, ஆனா பாப்பாரு"ன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. அந்தப் பார்வைக்கு எந்தச் சட்டத்துல செக்‌ஷன் போடுறது?

குழந்தை காப்பகமும் இப்படித்தான். 50 பேரோ மேலயோ இருந்தா காப்பகம் வைக்கணும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பாக்கலாம்னு 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்துல கொண்டு வந்தாங்க. ஆனா பீஸ் ரேட்ல, அதாவது தைக்கிற பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குற பொண்ணு நாலு தடவை எந்திரிச்சுப் போனா அவ கூலிதானே குறையும், அதனால போகவே மாட்டா, பால் கட்டிக்கிட்டு வலியோட உக்காந்து தைப்பா. போற நேரத்துக்கு அவளோட சராசரிக் கூலியைக் கணக்குப் போட்டுக் குடுங்க, அப்பதான் அது காப்பகம், இல்லைன்னா ஆடிட்டுக்குக் காட்டுற ரூம். பாத்ரூமுக்கு டோக்கன் வச்சிருக்கிற கம்பெனியா இருந்தா இன்னைக்கே அதைத் தூக்குங்க, பொண்ணுங்க தண்ணி குடிக்காம இருந்து இருந்து நீர்க்கடுப்புல படுறதைப் பாத்திருக்கேன்.

பாலியல் தொல்லை புகார்க் கமிட்டி 10 பேர் இருந்தாலே கட்டாயம், 2013 சட்டம். தலைவி ஒரு சீனியர் பொம்பளையா இருக்கணும், பாதிப் பேராவது பொம்பளைங்களா இருக்கணும், வெளியாள் ஒருத்தர் வேணும். மூணு மாசத்துக்குள்ள புகார் குடுக்கலாம், விசாரணை 90 நாளுக்குள்ள முடியணும். இதுல யாரும் கண்டுக்காத ஒரு விஷயம், புகார் எழுத முடியாதவங்களுக்குக் கமிட்டி மெம்பரே எழுத உதவணும்னு சட்டத்துலயே இருக்கு. அதனால கமிட்டியில ஆபீஸ் மேடத்தை மட்டும் போடாதீங்க, ஹெல்பருங்க மனசு விட்டுப் பேசுற ஒரு டைலர் அக்காவைக் கண்டிப்பா போடுங்க, ஒடியாவோ ஹிந்தியோ பேசுற ஒருத்தரையும் போடுங்க. புகார் வந்தா நல்லா வேலை தெரிஞ்ச கட்டிங் மாஸ்டரையே வெளிய அனுப்ப வேண்டி வரலாம், ஷிப்மெண்ட் நேரமா இருக்கலாம். அந்த ஒரு நாள் நீங்க என்ன செய்றீங்களோ அதை ஃப்ளோர்ல இருக்கிற அத்தனை பொண்ணுங்களும் பத்து வருஷம் ஞாபகம் வச்சிருப்பாங்க.

வெளியூர்ப் பசங்க

சுருக்கமாச் சொல்றேன். ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம், எல்லாரையும் ஒரே கட்டுல கட்டி "வடக்கத்திக்காரன்"னு சொல்றதை நிறுத்துங்க, ஒடிசாப் பையனுக்கு வீட்டுல பேசுறது ஒடியா, ஹிந்தி அவனுக்கும் கத்துக்கிட்ட பாஷைதான். சம்பளச் சீட்டும் பாதுகாப்பு போர்டும் அவங்க பாஷையில இருக்கணும், பிஎஃப் பிடிச்சா எதுக்குப் பிடிக்கிறோம்னு புரிய வைக்கணும். தீபாவளிக்கு நம்மாளுங்களுக்கு லீவு விடுறப்ப அவங்க ஊர்ப் பண்டிகைக்குப் போய் வர ரயில்ல மட்டும் நாலு நாள் ஆகும்ங்கிறதைக் கணக்குல வச்சு லீவு போடுங்க. அவங்களும் தமிழ் கத்துக்கணும்தான், அதுக்கும் சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க, சொல்லிக் குடுக்காம தெரியலைன்னு திட்டுனா எப்படி.

கேட்டுக்கு வெளிய என்ன நடக்குதுன்னு பாருங்க

2017ல கொச்சி மெட்ரோ 23 திருநங்கை திருநம்பிகளை வேலைக்கு எடுத்தப்ப நாடே பாராட்டுச்சு. ஆனா சில பேர் கொஞ்ச நாள்லயே வேலையை விட்டுட்டாங்க, காரணம் ஆபீஸ்ல இல்ல, ஊருக்குள்ள யாரும் வாடகைக்கு வீடு குடுக்கல, லாட்ஜுக்குக் குடுக்கவே சம்பளம் சரியாப் போச்சு. இதைப் படிச்ச பிறகு நான் திருநங்கை ஒருத்தங்களை பேக்கிங்குக்கு எடுக்குறதுக்கு முன்னாடியே வீட்டைத் தேடுனேன். ஆறு வீட்டுக்காரங்க முடியாதுன்னுட்டாங்க, ஏழாவது வீட்டுக்காரம்மா "கம்பெனி பேர்ல அட்வான்ஸ் குடுத்தா சரி"ன்னாங்க, குடுத்தோம். இப்ப அந்தத் தெருவுல ரேஷன் வாங்கப் போனா "அக்கா வாங்க"ன்னு பக்கத்து வீட்டுக்காரங்க கூட்டிட்டுப் போறாங்களாம். இதெல்லாம் மேனேஜர் வேலையான்னு கேட்டா, ஆமாங்க, தனியாப் போய் நிக்கிற ஒருத்தருக்கு மூடுற கதவு கம்பெனி லெட்டர்பேடுக்குத் திறக்குதுன்னா அந்த லெட்டர்பேடை எடுத்துட்டுப் போகத்தான் வேணும். 2019 சட்டப்படி திருநர் புகாரைக் கேக்க ஒரு அதிகாரியை நியமிக்கணும், அதையும் செய்யுங்க, ஆனா மொதல்ல வீடு, அப்புறம் எந்த பாத்ரூம்னு அவங்ககிட்டயே கேட்டு முடிவு, அப்புறம் மஸ்டர்ல அவங்க சொல்ற பேர்.

கடைசியா ஒண்ணு, விட்டுப் போனவங்களுக்குப் போன் பண்ணுங்க. இருக்கிறவங்க உண்மை சொல்ல யோசிப்பாங்க, போனவங்க சொல்லுவாங்க. ஒரு மாசம் கழிச்சுப் பண்ணுங்க, கூப்பிடுறது அவங்க பழைய சூப்பர்வைசரா இருக்கக் கூடாது, "திரும்ப வாங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க, "என்ன கஷ்டமா இருந்துச்சு"ன்னு மட்டும் கேட்டுட்டு எழுதுங்க. போலியோ வந்து ஒரு கால் சரியில்லாத ஒரு அக்கா செக்கிங்ல இருந்தாங்க, நாலு மாசத்துல நின்னுட்டாங்க, நாங்க சம்பளம் பத்தலைன்னு நெனச்சோம். போன் பண்ணுனா, "சம்பளம் எல்லாம் சரிங்க, ஒன்றரை ஷிப்ட் வேலை முடிஞ்சு ராத்திரி வண்டி மெயின் ரோட்டுலயே இறக்கி விட்டுருது, எங்க தெருவுக்கு மேடும் பள்ளமுமா அரை கிலோமீட்டர், லைட்டு இல்ல, ரெண்டு தடவை விழுந்துட்டேன், இதைப் போய் யார்கிட்ட சொல்றது"ன்னாங்க. டிரைவர்கிட்ட கேட்டேன், உள்ள போய்ட்டு வர ஆறு நிமிஷம் கூட ஆகும்னார். அடுத்த திங்கக்கிழமையில இருந்து வண்டி அவங்க வீட்டு வாசல் வரைக்கும் போகுது, அதே தெருவுல இருந்து இன்னும் மூணு பேர் இப்ப வேலைக்கு வர்றாங்க.